நீல விளக்கும் பச்சை நூலும்

அவளுடைய அட்டையில் 'பெற்றோர் துணை' என்று அச்சிட்டிருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. எல்லோருக்கும் அவள் துணியக்கா. குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றப் பார்க்கும் அந்தப் பிரிவில் டாக்டர்கள் குழந்தைகளைப் பார்த்தார்கள், நர்ஸ்கள் மிஷின்களைப் பார்த்தார்கள், துணியக்கா பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டாள்.

பிரிவின் கதவுக்கு வெளியே அவளுக்கு ஒரு அறை. ஆறு நாற்காலி, ஒரு கெட்டில், ஒரு இரும்பு அலமாரி, ஜெனரேட்டர் ஷெட்டைப் பார்த்த ஒரு ஜன்னல். புதிதாக வருகிறவர்கள் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள். யாராவது முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தால் அவர்கள் வந்து பத்து நாளாவது ஆகியிருக்கும்.

முதலில் கை கழுவச் சொல்லித்தருவாள். முழங்கை வரை, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம். பிறகு பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பிள்ளையைத் தொடுவது எப்படி என்று. "தடவாதீங்க, தோல் தாங்காது. கையை மேல வச்சு அப்படியே விட்டுடுங்க. தூங்குற பூனை மேல வைக்கிற மாதிரி." அதற்குப் பிறகு மணிகள். எந்த மணிக்குப் பயப்பட வேண்டும், எந்த மணி ஒயர் நழுவினால் சும்மா அடிப்பது. "எல்லா மணிக்கும் பயந்தா உங்களுக்கும் ஒரு பெட்டி போட வேண்டியதுதான்" என்பாள். யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவே மாட்டாள். 'நல்லா இருக்கு.'

பதினோரு வருஷத்துக்கு முன் அவள் மகன் இதே பிரிவில் இரண்டாம் நம்பர் பெட்டியில் அறுபத்து மூன்று நாள் கிடந்தான். அப்போது இந்த அறை கிடையாது. பெற்றவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் கதவைத் திறந்து ஒருத்தர் "நல்லா இருக்கான்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று விடியற்காலையில் அவனுக்கு இரண்டு தடவை மூச்சு நின்று திரும்பியிருக்கிறது. படியிறங்கிக்கொண்டிருந்த இரண்டு நர்ஸ்கள் பேசிக்கொண்டு போனதில் அவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர்கள் எதைச் சொன்னாலும் அவளால் நம்ப முடியவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொன்னபோதும் நம்பவில்லை. ஒரு வருஷம் அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேதான் தூங்கினாள். இப்போது அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு, எப்போது பார்த்தாலும் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வாள். "மூச்சு அவனே எடுக்குறான். பால் ரெண்டு மில்லி உள்ள போச்சு. டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல." கேட்கிறவர்களுக்கு முதல் நாள் எரிச்சலாக இருக்கும். மூன்றாம் நாள் அவளைத் தேடி வருவார்கள்.

துணி அவளுடைய யோசனை. இந்த வேலைக்கு வருமுன் ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் கம்பெனியில் ஒன்பது வருஷம், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கராக இருந்தவள். பிள்ளையை மடியில் வைக்க முடியாத தாய்க்குப் பால் இறங்குவது கஷ்டம். பிள்ளையின் வாசனை பட்டால் இறங்கும் என்று பெரிய சிஸ்டர் ஒருநாள் சொல்லப்போக, அவள் வெள்ளைப் பருத்தித் துணியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஓரம் அடித்து, மூலையில் ஒரு சின்னத் துளை வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாள். அவித்து எடுத்த துணி ஒரு நாள் முழுக்கப் பிள்ளையின் தலைமாட்டில் கிடக்கும். மறுநாள் காலை பத்து மணிக்குத் துணியக்கா உள்ளே போய், பெட்டியை விட்டு நகருமுன் மூலைத் துளையில் அந்தப் பிள்ளைக்கு உரிய நிறத்தில் ஒரு நூல் கட்டி, வெளியே கொண்டுவந்து தாயிடம் கொடுப்பாள். தாய் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பால் எடுப்பாள். அதற்கடுத்த நாள் அது சலவைப் பைக்குப் போகும், புதிய துணி வரும். நாலாம் நம்பருக்கு நீலம். ஐந்தாம் நம்பருக்குப் பச்சை.

அன்று காலை பத்து மணிக்கு அவள் உள்ளே போனபோது ஐந்தாம் நம்பர் பெட்டி காலியாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்து, உள்ளே புதிய விரிப்புப் போட்டிருந்தார்கள். ஐந்தாம் நம்பர் முந்தின நாள் பிற்பகலில் போய்விட்டான். பதினேழு நாள் இருந்தான். அவனுடைய அம்மா ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர். ரத்த அழுத்தம் இறங்காமல் இரண்டாம் மாடி வார்டில் படுத்திருந்தாள். கட்டம் போட்ட நோட்டில் அவன் எடையைத் தினமும் புள்ளி வைத்துக் கோடு இழுத்து வந்தவள். கடைசி நேரத்தில் சக்கர நாற்காலியில் வந்து நாற்பது நிமிஷம் மடியில் வைத்திருந்தாள். சாயங்காலம் அவன் அப்பா அவனைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். டீச்சரிடம் மிச்சமிருந்தது கால் தடம் எடுத்த ஒரு அட்டை. அதோடு, முந்தின நாள் பத்து மணிக்குத் துணியக்கா கையில் கொடுத்த, பச்சை நூல் கட்டிய துணி. அட்டையை அவள் திருப்பிப் பார்க்கவில்லை. துணியைக் கையைவிட்டு வைக்கவில்லை. அன்று பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகிறாள்.

துணியக்கா நாலாம் நம்பர் பெட்டியில் கையை விட்டாள். உள்ளே தொள்ளாயிரத்து நாற்பது கிராம் பெண் குழந்தை, காமாலைக்காக நீல விளக்குக்குக் கீழே, கண்ணைக் கட்டிக்கொண்டு. பெட்டியைத் தொடும்போது விளக்கை அணைப்பார்கள். இன்றைக்கு நர்ஸ், "அளவு ஏறிடுச்சுக்கா, அணைக்க வேண்டாம். சட்டுன்னு முடிங்க" என்றாள். துணியக்கா துணியை எடுத்து, டப்பாவிலிருந்து நீல நூலை எடுத்துத் துளையில் கட்டி, உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஜன்னல் பக்கம் வந்து உறையைப் பார்த்தாள்.

நூல் பச்சையாக இருந்தது.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் ஓடியது. நேற்றும் விளக்கு எரிந்தது. நேற்று இரண்டு பெட்டியிலும் எரிந்தது. ஐந்தாம் நம்பருக்கு அவசரமாக எக்ஸ்ரே மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், எல்லோரும் வெளியே போங்கள் என்றார்கள், அவள் விளக்கை அணைக்கச் சொல்லாமலேயே இரண்டு துணிக்கும் அடுத்தடுத்து நூல் கட்டினாள். கட்டும்போது இரண்டு நூலும் ஒரே மாதிரி தெரிந்தது நினைவு வந்தது. வெளியே வந்து பார்த்தபோது ஒன்று நீலம், ஒன்று பச்சை. நிறத்தைப் பார்த்து அவரவரிடம் கொடுத்துவிட்டாள்.

கம்பெனியில் ஒன்பது வருஷம் புதிதாக வந்த பெண்களிடம் அவள் சொன்ன முதல் பாடம் இதுதான்: விளக்கடியில் நிறம் பார்க்காதே, ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போ.

பெரிய சிஸ்டர் மருந்து ட்ரேயை எண்ணிக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டுவிட்டு எண்ணுவதை நிறுத்தாமலேயே பேசினாள்.

"நேத்து மாத்திக் கட்டினேன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது சிஸ்டர்."

"சரியாவே கட்டியிருக்கலாம்ல?"

"கட்டியிருக்கலாம்."

"அப்புறம் என்ன. பாதிக்குப் பாதி. மேல இருக்குறவகிட்டப் போய், நீ கட்டிப் பிடிச்சிட்டு இருக்குறது உன் பிள்ளையோ இல்லையோன்னு சொல்லப் போறியா? பன்னெண்டு மணிக்கு அவ போயிடுவா. விட்டுடு."

"அது தப்பான துணியா இருந்தா?"

"அவளுக்கு அது சரியான துணி." பெரிய சிஸ்டர் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "நான் உன் நல்லதுக்குச் சொல்லல. அவ நல்லதுக்குச் சொல்றேன்."

துணியக்கா வெளியே வந்தாள். 'நல்லா இருக்கான்மா' என்று பதினோரு வருஷத்துக்கு முன் சொன்னவரும் அவள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்.

முதலில் துணி வேண்டும். நேற்று நீல நூலோடு நாலாம் நம்பர் அம்மாவிடம் போன துணி. இந்நேரம் சலவைப் பைக்குப் போயிருக்கும். சலவை வண்டி பதினோரு மணிக்குத்தான் வரும், பையிலிருந்து எடுத்துவிட்டால் நாலாம் நம்பர் அம்மாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது என்று ஒரு சின்ன ஆசை. அறையில் பையைக் காணோம். வண்டிக்காரர் இன்று சீக்கிரமே வந்துவிட்டார் என்று பெருக்குகிறவள் சொன்னாள். துணியக்கா செருப்பு சத்தம் கேட்க நடைபாதையில் ஓடினாள். பின்வாசல் சரிவில் வண்டி லாரியில் ஏறக் காத்து நின்றது.

"கட்டின பையை அவிழ்க்கக் கூடாதும்மா. எனக்குத் திட்டு விழும்."

"திட்டு எனக்கு விழட்டும், நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

அவர் திரும்பி நின்று பீடிக்குச் சட்டைப் பையைத் துழாவினார். அவள் பையைத் தரையில் கவிழ்த்தாள். ஏழு துணி. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று ஏழு நிற நூல். ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்தாள். நீலம் இல்லை.

நாலாம் நம்பர் அம்மாவைக் கேக்குப் பொண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமில் பூப் போடுகிறவள். இருபத்திரண்டு வயது. வாய் அதிகம். முதல் நாளே, "நான் என்ன மாடாக்கா, மணி அடிச்சா கறக்குறதுக்கு?" என்று கேட்டாள். "மாட்டுக்கு இவ்வளவு வாய் கிடையாது" என்றாள் துணியக்கா. அன்றிலிருந்து இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆறு நாளாக அவளுக்குப் பால் சொட்டுக் கணக்கில்தான் வந்தது. ஆறாம் நாள் வாயும் குறைந்துவிட்டது.

பால் எடுக்கும் அறையில் கேக்குப் பொண்ணு இவளைப் பார்த்ததும் ஒரு சின்ன பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"இருபது மில்லி. நேத்துச் சாயங்காலத்துல இருந்து. பாருங்க, எப்படி இருக்கு."

துணியக்கா பார்த்தாள். மஞ்சள் கலந்த கெட்டிப் பால்.

"நேத்துக் குடுத்த துணி எங்க? பையில போடலியா?"

"அதை எப்படிப் போடுவேன்? ராசியான துணிக்கா அது. அதை மூஞ்சியில வச்ச அப்புறம்தான் இறங்குச்சு." நைட்டியின் கழுத்துக்குள்ளிருந்து வெள்ளைத் துணியின் முனையை இழுத்துக் காட்டி மறுபடி உள்ளே தள்ளினாள். "இதை வீட்டுக்கே கொண்டுபோகப் போறேன். நீங்க வேற தச்சுக்கோங்க."

துணியக்கா எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்திலேயே கேக்குப் பொண்ணுக்கு முகம் மாறியது.

"பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஒண்ணும் புதுசா இல்ல. காமாலை அளவு ஏறியிருக்கு, விளக்கு ஓடுது. இது வேற விஷயம். நான் பண்ணின தப்பு."

சொன்னாள். விளக்கு, நூல், எக்ஸ்ரே மிஷின், எல்லாம். கேக்குப் பொண்ணின் கை கழுத்துக்குக் கீழே துணி இருந்த இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"அப்ப இது டீச்சரோட..."

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா? இல்லாமலும் இருக்கலாம்ல?"

"இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"போன பிள்ளையோட துணியை ராத்திரி முழுக்க நான் நெஞ்சுல வச்சிட்டு..." அவள் முடிக்கவில்லை. பாட்டிலைப் பார்த்தாள். "அப்ப இந்தப் பால்?"

"உன் பால்."

"இதை அவளுக்குக் குடுக்கலாமா?"

"அவளுக்குன்னே வந்தது. நர்ஸ் வந்து எடுத்துட்டுப் போவாங்க."

சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது. துணியக்கா கேக்குப் பொண்ணை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தாமல் இருப்பதற்காக ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிடுங்க அவளுக்கு உரிமை கிடையாது. ஒருவேளை அது இவளுடைய பிள்ளையின் துணியாகவே இருக்கலாம்.

கேக்குப் பொண்ணு துணியை எடுத்தாள். தொடையில் வைத்து நான்காக மடித்தாள். மடித்ததை நீட்டினாள்.

"நான் அதுக்கு முத்தம் குடுத்தேன். எத்தனைன்னு தெரியாது. அதையும் டீச்சர்கிட்டச் சொல்லணுமா?"

"கேட்டா சொல்றேன்" என்று துணியக்கா உறையைத் திறந்து, பச்சை நூலை அவிழ்த்துவிட்டு, இன்றைய துணியை அவள் கையில் வைத்தாள்.

டீச்சரின் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பதினேழு நாளும் இந்த ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறும்போதெல்லாம், "சத்தம் சரியில்ல, யாரும் பாக்குறதில்ல போல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு லிஃப்ட் கதவுக்கு முன்னால் டிஸ்சார்ஜ் காகிதங்களைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். துணியக்கா படியில் ஏறி வந்து அவரையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குள் போனாள். இருவருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவை சொன்னால் இரண்டாவது தடவை மழுப்பிவிடுவாள் என்று அவளுக்கே தன்மேல் சந்தேகம்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது. பக்கத்தில் கட்டிய பை. மடியில் இரண்டு கைக்கும் நடுவில் பச்சை நூல் துணி.

துணியக்கா நின்றபடியே சொன்னாள். கேக்குப் பொண்ணிடம் சொன்னதே இங்கே இரண்டு மடங்கு நீளமாக இருப்பதுபோல் பட்டது. முடிந்ததும் லிஃப்ட்காரர்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"இதை இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? சொல்லாம விட்டிருந்தா அவ அதையே வச்சிட்டு இருந்திருப்பா."

"ஆமா."

"தெரிஞ்சும் வந்து சொல்றீங்க."

"ஆமா. உங்ககிட்டத் தப்பாச் சொல்ல மாட்டேன்னு முதல் நாள் சொன்னேன்."

"நீங்க நல்லவங்கன்னு காட்டுறதுக்கு இவதான் கிடைச்சாளா?"

அவர் சொன்னதில் பாதியாவது உண்மையாக இருக்கலாம் என்று துணியக்காவுக்குத் தோன்றியது. கையிலிருந்த துணி வியர்வையில் ஈரமாகிக்கொண்டிருந்தது.

டீச்சர் கையை நீட்டினாள். துணியை வாங்கி முகத்தில் வைத்தாள். பிறகு மற்றதை வைத்தாள். மறுபடி முதலாவதை. வார்டில் எங்கோ ஒரு குழந்தை அழுதது. நிறைமாதக் குழந்தையின் பலத்த அழுகை. டீச்சர் அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

"இதுல பால் வாசனை வருது."

"நாலாம் நம்பர் அம்மாவோட பால். ராத்திரி அவங்க நெஞ்சுல இருந்தது."

"அதுல ஆஸ்பத்திரி வாசனை. இப்ப என் வாசனை." இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "நாற்பது நிமிஷம் மடியில வச்சிருந்தேன். தெரியும்னு நினைச்சேன். தெரியல."

லிஃப்ட்காரர் கையிலிருந்த காகிதங்களைக் கட்டிலில் வைத்தார்.

"இன்னைக்கு நீங்க கட்டினது தப்பு. அது தெரியும்" என்றாள் டீச்சர். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் குரல் அது. "நேத்துக் கட்டினது எப்படின்னு தெரியாது. அது தெரியவே போறதில்ல. சரியா?"

"சரி."

"ஆனா நேத்து ரெண்டு பெட்டியில இருந்து ரெண்டு துணி வந்தது. அந்த ரெண்டும் இதுதான். நடுவுல வேற எதுவும் கலக்கல."

"கலக்கல. அது நிச்சயம்."

"அப்ப இதுல ஒண்ணு அவன்." டீச்சர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். "ரெண்டும் என்கிட்ட இருக்கட்டும்."

துணியக்காவுக்குச் சரி என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் ஒன்று அவன் என்றால் இன்னொன்று கீழே விளக்கடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பெண் குழந்தை. அதைக் கொடுப்பதற்கு இவள் யார்?

"அதை நான் தர முடியாது டீச்சர். அவங்களைக் கேக்கணும்."

லிஃப்ட்காரர் ஏதோ சொல்ல வந்தார். டீச்சர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"கேட்டுட்டு வாங்க. பன்னெண்டு வரைக்கும் இருப்போம்."

இறங்கும்போது துணியக்கா படிகளை எண்ணினாள். அவள் பதினோரு வருஷத்துக்கு முன் உட்கார்ந்திருந்த படி இதில்தான் இருக்கிறது, கீழிருந்து ஒன்பதாவது. அதைத் தாண்டும்போது கால் தயங்கியது. உயிரோடு இருக்கும் பிள்ளையின் துணியை, பிள்ளை போன வீட்டுக்கு அனுப்பு என்று ஒரு தாயிடம் கேட்கப் போகிறாள். அந்த அறுபத்து மூன்று நாளில் யாராவது தன்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருப்பாள்.

கேக்குப் பொண்ணு இன்னும் அதே இடத்தில்தான் இருந்தாள். பால் எடுக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலில் புதிதாக ஒரு விரற்கடை.

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டையும் கேக்குறாங்க. எது அவங்களோடதுன்னு தெரியாததால."

மிஷின் இழுத்து விட்டது, இழுத்து விட்டது. கேக்குப் பொண்ணு பாட்டிலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பயமா இருக்குக்கா."

"இருக்கும். மாட்டேன்னு சொன்னாலும் தப்பில்ல. நான் போய் அப்படியே சொல்லிடுவேன்."

"எனக்கு நாளைக்கு வேற துணி கிடைக்கும்ல?"

துணியக்கா வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இவள் கொடுத்துவிடுவாள். மேலே ஒருத்தி அதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே காமாலை அளவு ஏறியிருக்கிறது. தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் உள்ள போவேன்" என்றாள். "விளக்கை அணைக்க வச்சிட்டுத்தான் கையை விடுவேன். இனிமே நிறமெல்லாம் இல்ல. நாலாம் நம்பர்னா நூல்ல நாலு முடிச்சு. கண்ணு தப்பாப் பார்த்தாலும் விரல் எண்ணிடும். என் வேலையில நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்."

"கிடைக்கும்னு சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன்."

கேக்குப் பொண்ணு மிஷினை நிறுத்தினாள். பாட்டிலை மூடி, சீட்டில் நேரத்தை எழுதி ஒட்டினாள். கேக்கில் பூப் போடும் கை. எழுத்து அந்தப் பதற்றத்திலும் உருண்டையாக விழுந்தது.

"நேத்துக்கூட நல்லா இருக்கான்னு ஒரு தடவை சொல்லிருக்கலாம் டீச்சர்கிட்ட. நீங்க சொல்லல" என்றாள். "அப்ப உங்களைக் கல்லுன்னு நினைச்சேன்."

ஒட்டிய சீட்டை விரலால் ஒரு தடவை தேய்த்தாள்.

"வச்சுக்கச் சொல்லுங்க. ரெண்டையும்." பாட்டிலைத் துணியக்காவின் கையில் திணித்தாள். "இதை நர்ஸ்கிட்டக் குடுத்துட்டுச் சீக்கிரம் போங்க. லிஃப்ட்ல ஏறாதீங்க. சத்தம் சரியில்லைன்னு டீச்சர் வீட்டுக்காரரு சொல்லிட்டே இருந்தாரு."